சீருடை ஏன் வீட்டுக்கு வருகிறது?

கொரோனா காலத்தில் நோயாளியின் துணியை 60 முதல் 90 டிகிரி வெந்நீரில் சோப்புப் போட்டு மெஷினில் துவைக்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனம். கவரைப்பேட்டையில் வாடகை அறை எடுத்துத் தங்கி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போய்வரும் தொழிலாளியிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு வாளி, ஒரு சோப்புக் கட்டி, மொட்டை மாடியில் ஒரு கொடி.

அதற்காகப் பதறத் தேவையில்லை. கொரோனா, ஃப்ளூ போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். மிச்சத்தைக் கும்முவதும் அலசுவதும் நம் ஊர் வெயிலும் பார்த்துக்கொள்ளும்.

வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா, நோரோ, மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ ஆகியவற்றுக்கு அந்த உறையே கிடையாது. சோப்புக்கு அவை அசருவதில்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ப்ளீச் சேர்க்காமல் துவைத்தபோது இத்தகைய வைரஸ்களில் 92 முதல் 99 விழுக்காடுதான் போயின. மிஞ்சியவை கூடவே கிடந்த சுத்தமான துணியிலும் ஒட்டிக்கொண்டன. 99 என்பது பரீட்சைக்கு நல்ல மார்க். ஆனால் ரோட்டா தொற்றிய குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடி வைரஸ்கள்கூட இருக்கலாம். அதில் ஒரு விழுக்காடு பத்துக் கோடி!

வீட்டில் இதற்கு வழி உண்டு. பத்து லிட்டர் தண்ணீரில் 15 முதல் 20 கிராம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரில் துணியை அரைமணி நேரம் ஊறவைத்து அலசினால் போதும். சாயம் வெளுக்கும், பவுடரும் பழையதாக இருக்கக் கூடாது.

ஆனால் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரும் செவிலியரும் உள்ளாட்சித் தூய்மைப் பணியாளரும் தினமும் வீட்டுக்குக் கொண்டுவரும் சீருடையை அந்த வாளியின் தலையில் கட்டுவது அநியாயம். பிரிட்டனில் 2025-இல் ஆறு வீட்டு மெஷின்களைச் சோதித்தார்கள். விரைவுச் சுற்றில் பாதி மெஷின்கள் பாக்டீரியாவைக்கூட ஒழிக்கவில்லை. பச்சைத் தண்ணீர் வாளியிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா?

நோயாளியின் படுக்கை விரிப்பு சலவைக்கூடத்துக்குப் போகிறது. அதைச் சுருட்டி எடுத்தவரின் சீருடை மட்டும் பைக்குள் மடங்கி, புறநகர் ரயிலேறி, பிள்ளைகளின் பள்ளி உடுப்போடு ஒரே வாளியில் ஊறுகிறது. வேலையிடத்தில் கை கால் கழுவவும் உடுப்பு வைக்கவும் உலர்த்தவும் வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே பேசியது. துவைக்கும் பொறுப்பை மட்டும் யாரும் ஏற்கவில்லை.

அரசு மருத்துவமனைகளும் உள்ளாட்சிகளும் சீருடைச் சலவையைத் தங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்று தட்டிக்கழிக்க முடியாதபடி டெண்டர் நிபந்தனையிலேயே அதை எழுத வேண்டும். ஆளுக்கு மூன்று செட் உடுப்பு, மாற்றிக்கொள்ள ஓர் அறை, விரிப்போடு சேர்த்து அனுப்ப ஒரு மூட்டை. இதற்குமேல் செலவென்ன?