மூக்கைப் பிடி, மூச்சைப் பிடிக்காதே!

வழக்கமாக இந்தப் பக்கத்தில் வடாம் பிழிவதைப் பற்றியும் கைக்குழந்தையின் இருமலைப் பற்றியும் எழுதுகிறவள், இந்த வாரம் கடலுக்கடியில் போய் வந்ததைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள், சகோதரிகளே! ஐம்பத்தாறு வயதில், நீச்சலும் தெரியாமல், அந்தமானில் இருபதடி ஆழத்தில் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு முழுசாகத் திரும்பி வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். இரண்டு ஆற்றுக்கு நடுவே பிறந்தவளுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அத்தையின் பிள்ளை கொள்ளிடத்து மணல் பள்ளத்தில் போய்விட்டான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தண்ணீர் என்றால் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழங்காலளவுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு, உடனே கரை. என் பெண்ணுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுத்தேன்.

அந்தப் பெண்தான் ஒரு நாள், “அம்மா, அந்தமானுக்குப் போகலாம் வா. நான் கடலுக்குள் இறங்கப் போகிறேன்” என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவள் முழுகுவதைக் கரையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டுமே என்று நினைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதைவிடக் கூடவே போவது மேல் என்று கிளம்பிவிட்டேன்.

இராமேசுவரம் பக்கத்திலேயே பவளப்பாறை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. நினைத்த இடத்தில் முழுக முடியாது. அதனால்தான் அந்தமான். சென்னையிலிருந்து விமானம், பிறகு கப்பலில் ஹாவ்லாக் தீவு. 2018-லிருந்து அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். அங்கே ‘நீமோ’ என்று அழைக்கிற பாறை புதிதாக இறங்குகிறவர்களுக்கு ஏற்றது. கரையிலிருந்தே நடந்து இறங்கிவிடலாம், ஆழமும் அதிகமில்லை.

முதலில் அவர்கள் தந்தது ஒரு கேள்வித்தாள். ஆஸ்துமா உண்டா, இருதயக் கோளாறு உண்டா, காதில் தொந்தரவு உண்டா, கர்ப்பமா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஊரிலேயே டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிப் போயிருந்ததால் பிழைத்தேன். பிறகு புடவையைக் களைந்து, உடம்போடு ஒட்டிய ரப்பர்ச் சட்டைக்குள் புகுந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை!

முதுகில் மாட்டுவதை ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். அதில் இருப்பது நாம் அன்றாடம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றேதான். சுமார் 200 மடங்கு அழுத்தி அடைத்திருக்கிறார்கள். வாயில் கவ்வும் கருவி, நாம் இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு வேண்டிய அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. 1943-ல் பிரான்ஸில் கூஸ்தோ, கான்யான் என்ற இரண்டு பேர் சேர்ந்து இதை உருவாக்கினார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் பாடம் ஆரம்பித்தது. எங்கள் ஆசிரியர் அந்தமானிலேயே பிறந்த தமிழ்ப் பையன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஆயுசுப் பழக்கம் அல்லவா? அவன் சிரித்தபடி சொன்னான்: “அம்மா, மூக்கைப் பிடிங்க. மூச்சைப் பிடிக்காதீங்க!”

இந்த இரண்டில்தான் முழு வித்தையும் இருக்கிறது. கீழே போகப் போகத் தண்ணீர் காதை அழுத்தும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் காது ‘டப்’பென்று திறந்து வலி போய்விடும். வலி வந்த பிறகு அல்ல, வருமுன்பே அடிக்கடி செய்ய வேண்டும். மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் என்ன ஆகும்? பலூனை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே இழு, விடு, இழு, விடு. அவ்வளவுதான்.

பிறகு கைஜாடைகள். எல்லாம் சரி என்பதற்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டம். நாட்டியத்தில் ஹம்ஸாஸ்யம் பிடிப்பதுபோல. இதை நன்றாகப் பாடம் செய்துகொண்டுதான் இறங்கினேன். ஆனால் கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கோமாளி மீன் எட்டிப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரமாதம் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அங்கே அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம்! பையன் உடனே என்னை மேலே கொண்டுவந்துவிட்டான். அசடு வழிந்தபடி மறுபடியும் இறங்கினேன்.

முத்துக் குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான் என்று தெற்கே சொல்வார்கள். தன் கூடப் பிறந்தவளின் தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டானாம். இங்கே கயிறு இல்லை. ஆனால் அந்தப் பையன் கடைசி வரை என் கையை விடவில்லை. இன்னொரு பக்கம் என் பெண். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. யார் யாரைக் காவல் காக்க வந்தது என்று அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது.

பவளம் என்றால் நகைக்கடைச் சிவப்பை நினைத்திருந்தேன். இங்கே பெரும்பாலும் பழுப்பும் பச்சையும். தண்ணீருக்குள் சிவப்பு முதலில் மங்கிவிடுகிறது. என் கண்ணாடி வளையல்கூட நிறம் வெளுத்துத் தெரிந்தது. பாறை என்று நாம் சொல்வது உண்மையில் பாறையல்ல. கோடிக்கணக்கான சின்ன உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுண்ணாம்பு வீடு. உருண்டைப் பவளம் ஒரு வருஷத்தில் வளர்வது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். பக்கத்தில் ஒரு கிளிமீன் அதை நறநறவென்று கடித்தது காதில் விழுந்தது. கடித்துத் தின்ற சுண்ணாம்பை அது மணலாக வெளியேற்றுகிறது. நாம் ஆசையாக உட்காரும் வெள்ளை மணலில் அதுவும் சேர்ந்ததுதான்!

ஓரிடத்தில் பவளம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. கடல் சூடேறினால், தனக்குச் சோறு போடும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுமாம். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். நீடித்தால் பட்டினியால் சாகும். 2010-ல் அந்தமானில் ஏராளமான பவளம் இப்படி வெளுத்தது. ஏற்கெனவே வாடியிருப்பதை நாமும் தொட்டு, மிதித்து, ஒடிக்க வேண்டுமா? செத்த துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

சென்னையிலிருந்து ரயிலில் திரும்பும்போது, அரியலூர் தாண்டிக் கல்லக்குடி வந்தது. கூட இருந்த கல்லூரி ஆசிரியை ஒருவர், “இங்கே வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக் கல்லில் பவளப்பாறையும் உண்டு, தெரியுமோ?” என்றார். சுமார் 10, 11 கோடி வருஷங்களுக்கு முன் நம் ஜில்லாவின் இந்தப் பகுதி ஆழமில்லாத கடல். 1862-லேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். நான் அந்தமான் வரை போய்ப் பார்த்தது ஒரு காலத்தில் லால்குடிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது! நம் வீட்டுச் சிமெண்டிலும் அதில் ஒரு துளி இருந்தாலும் இருக்கும்.

உங்களில் யாராவது போவதாக இருந்தால், ஒரு ஆசிரியருக்கு நீங்கள் ஒருவர் மட்டும் என்று கேட்டு வாங்குங்கள். முதல் தடவை 12 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். ஜலதோஷம் இருந்தால் இறங்கவே வேண்டாம். முழுகிய பின் 18 மணி நேரமாவது விமானம் ஏறாதீர்கள். கர்ப்பிணிகள் இன்னொரு வருஷம் போகலாம். கடல் எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்று. கடலில் இறங்கி வந்தேன் என்பதற்காக நான் கொள்ளிடத்தில் இறங்கப் போவதில்லை. அங்கே கையைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் ஊருக்கு வந்த மறுநாளே, ஏழு வயதுப் பேத்தியைத் திருச்சியில் நீச்சல் பழகச் சேர்த்துவிட்டேன். அத்தையின் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாற்பத்தேழு வருஷமாக எங்கள் வீட்டில் பயத்தைத்தான் காவல் வைத்திருந்தோம். இனிமேல் அந்தக் காவலைக் குழந்தையின் கைகால்களே பார்த்துக்கொள்ளட்டும்.