தாய்ப்பலகைக்கும் பொருத்தம் வேண்டும்

வளையல் வாங்கப் போனால் கையளவு பார்க்கிறோம். செருப்பு வாங்கப் போனால் காலளவு பார்க்கிறோம். பாவாடைக்கு ஏற்ற தாவணி எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கணிப்பொறிக்கு உறுப்புகள் வாங்கும்போது மட்டும், "கடைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கைகட்டி நிற்கிறோம். இது முறைதானா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கணிப்பொறியின் மூளை போன்றது செயலி. கடைகளில் இதைப் பிராசசர் என்பார்கள். அது அமரும் பெரிய பலகையே மதர்போர்டு. நம் பாடநூல் அதைத் தாய்ப்பலகை என்று அழைக்கிறது. பெயர் பொருத்தமானதே. நினைவகம், வன்வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய யாவும் அதன் மடியில் வந்துதான் ஒன்றுசேர்கின்றன. திரையில் படம் வரையும் வேலையை முன்பெல்லாம் தாய்ப்பலகையில் இருந்த ஒரு சிப்போ, தனியாக வாங்கிச் செருகிய வரைகலை அட்டையோ செய்து வந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் அந்த வேலை செயலிக்குள்ளேயே குடியேறியது. தனி அட்டை வாங்கும் செலவு மிச்சமானது. நம்மைப் போன்ற எளிய குடும்பத்தாருக்கும் பள்ளிகளுக்கும் இது பெரிய நன்மை. ஆயின் இந்த நன்மை நம் கைக்கு வந்து சேர வேண்டுமானால் தாய்ப்பலகை அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அங்கேதான் நாங்கள் இடறி விழுந்தோம்.

எங்கள் விடுதி வாசகசாலைக்கு ஒரு கணிப்பொறி வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பள்ளி விழாவில் நாங்கள் பின்னிய கூடைகளையும் தைத்த கைக்குட்டைகளையும் விற்றுப் பணம் சேர்த்தோம். பழைய செய்தித்தாள் விற்ற பணமும் அதில் சேர்ந்தது. வரைகலை உள்ளடங்கிய ரைசன் 5 5600ஜி என்ற செயலியைத் தேர்ந்தோம். அதுவரை சரியாகவே செய்தோம். தாய்ப்பலகையை மட்டும், கடைசியில் மிஞ்சிய பணத்துக்கு எது கிடைத்ததோ அதை வாங்கினோம். அது வெகு நாளாகக் கடையில் கிடந்த பழைய இருப்பு. "சாக்கெட் ஒன்றுதானம்மா, தாராளமாகப் பொருந்தும்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யன்று. செயலி பலகையில் அழகாக அமர்ந்தது. மின்விசிறி சுழன்றது. திரை மட்டும் இருண்டே கிடந்தது.

திரையை மாற்றிப் பார்த்தோம். கம்பியை மாற்றிப் பார்த்தோம். நினைவகத்தைக் கழற்றித் துடைத்துச் செருகினோம். மூன்று நாள் இப்படியே போயிற்று. கீழ்வகுப்புத் தங்கைகள் மாலைதோறும் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பின்னிய கூடையும் அந்தப் பணத்தில் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. "இதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு ஒத்து வராது என்று அப்போதே சொன்னேனே" என்று காதில் விழும்படி பேசியவர்களும் இருந்தார்கள்.

நான்காம் நாள் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் வந்தார். அவர் கணிப்பொறி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர். பலகையின் பெயரைப் படித்ததுமே சிரித்துவிட்டு, "பலகைக்கு உங்கள் செயலியை இன்னும் அறிமுகம் செய்து வைக்கவில்லை, தங்கைகளே" என்றார். தாய்ப்பலகையில் பயாஸ் என்னும் தொடக்க நிரல் பதிந்திருக்கும். கணிப்பொறி கண் விழிக்கும்போது முதலில் ஓடுவது அதுவே. எங்கள் பலகையில் இருந்த பயாஸ், 2021இல் வெளிவந்த 5600ஜி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. அந்த அக்கா தம்மிடம் இருந்த ரைசன் 3 2200ஜி என்ற பழைய செயலியைப் பொருத்திக் கணிப்பொறியை எழுப்பினார். புதிய பயாஸைப் பென் டிரைவிலிருந்து ஏற்றினார். ஏற்றும்போது மின்சாரம் நின்றால் பலகையே பாழாகும் என்று யு.பி.எஸ். வைத்துக்கொண்டுதான் தொடங்கினார். பிறகு எங்கள் செயலியை மாட்டினார். திரை ஒளிர்ந்தது.

பொருந்துவது வேறு, பொருந்தி இயங்குவது வேறு என்பதை அன்று கண்டோம். ஆகவே தாய்ப்பலகை வாங்குமுன் நான்கு பொருத்தங்களைப் பார்த்தே தீர வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதலாவது, செயலியின் முழுப்பெயர். 5600 என்பதும் 5600ஜி என்பதும் ஒரே பலகையில் அமரும். ஆனால் 'ஜி' இல்லாததற்குள் வரைகலை இல்லை. அதைப் பொருத்தினால் பலகையில் உள்ள எச்.டி.எம்.ஐ. துளை வெறும் அலங்காரமே. இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் வரைகலை இல்லை என்று பொருள். இவ்விதிகளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ரைசன் 7000 வரிசையில் 'ஜி' இல்லாத 7600, 7700 போன்றவற்றிலும் சிறு வரைகலைப் பகுதி உண்டு. ஆகவே மனப்பாடம் உதவாது. வாங்கும் நாளில் படித்துப் பார்ப்பதே உதவும்.

இரண்டாவது, சாக்கெட்டும் சிப்செட்டும். சாக்கெட் என்பது செயலி அமரும் இருக்கை. ஏ.எம். 4 சாக்கெட்டுக்குரிய 5600ஜி, 2022இல் வந்த ஏ.எம். 5 பலகையில் அமராது. சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் ஏமாறலாம். 2011இல் இன்டெல் நிறுவனம் ஒரே எல்.ஜி.ஏ. 1155 சாக்கெட்டுக்குப் பி 67, எச் 67 என்ற இரு சிப்செட்டுகளை விற்றது. எச் 67 பலகையில் செயலியின் வரைகலை திரைக்கு வந்தது. பி 67 பலகையில் அதற்கு வழியே இல்லை. கூண்டுக்குள் குயில் இருந்தும் குரல் வெளியே வராத கதைதான். இரு வசதிகளும் ஒருங்கே பெற்ற இசட் 68 அந்த ஆண்டு மே மாதத்தில்தான் வந்தது. 2017இல் மறுபடியும் இப்படி நடந்தது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் பழைய எல்.ஜி.ஏ. 1151 பெயரையே தாங்கி வந்தன. ஆயினும் 300 வரிசைச் சிப்செட் உள்ள புதிய பலகைகளையே கேட்டன.

மூன்றாவது, பயாஸ் பதிப்பு. எங்களுக்கு நேர்ந்தது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2018 பிப்ரவரியில் 2200ஜி, 2400ஜி வெளிவந்தபோது, கடைகளில் இருந்த பழைய பலகைகள் பல அவற்றை அறியாமல் விழித்தன. ஏ.எம்.டி. நிறுவனமே பயாஸை மாற்றிக்கொள்வதற்காக வாடிக்கையாளருக்குப் பழைய செயலியை இரவலாக அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் எந்தச் செயலி எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து இயங்கும் என்ற பட்டியலை அதைச் செய்த நிறுவனம் இணையத்தில் வெளியிடுகிறது. ஐந்து நிமிட வேலை. அதை நாங்கள் பார்த்திருந்தால் மூன்று நாள் தலைகுனிந்திருக்க மாட்டோம். செயலியே இல்லாமல் பயாஸை மாற்றும் பொத்தான் உள்ள பலகைகளும் உண்டு. கடையிலேயே மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதும் நம் உரிமையே.

நான்காவது, துளைகளும் நினைவகமும். வீட்டில் உள்ள திரைக்கு வி.ஜி.ஏ. கம்பியா, எச்.டி.எம்.ஐ. கம்பியா என்று பார்த்து அதற்கேற்ற துளை பலகையின் பின்புறம் உள்ளதா என்று காண வேண்டும். உள்ளடங்கிய வரைகலைக்குப் பெரும்பாலும் சொந்த நினைவகம் கிடையாது. கணிப்பொறியின் பொது நினைவகத்தில் பங்கு கேட்டே வாழும். டி.டி.ஆர். 4 - 3200 வகையில் ஒரு தடம் நொடிக்கு 25.6 கிகாபைட் தரும். இரு தடமானால் 51.2. ஆகவே 16 கிகாபைட் பட்டை ஒன்றைவிட 8 கிகாபைட் பட்டைகள் இரண்டு மேல். டி.டி.ஆர். 4 துளையில் டி.டி.ஆர். 5 நுழையாது என்பதையும் மறத்தலாகாது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? விலை உயர்ந்த பலகையாகப் பார்த்து வாங்கிவிட்டால் போகிறது" என்பர் சிலர். இதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். பலகையின் விலை கூடுவதால் மட்டும் செயலியின் வரைகலை வேகம் கூடிவிடாது. விலை உயர்ந்த பலகைகள் சில, தனி அட்டை வைத்திருப்போருக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் திரைக்கான துளையே இல்லை! பணத்தை அதில் போட்டுவிட்டு நினைவகத்தில் மிச்சம் பிடிப்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதையாகும். மலிவு என்று கண்ணை மூடி வாங்கிய எங்கள் செயலும் அதே கதைதான். விலை கூடுதலா குறைவா என்பதன்று கேள்வி. பொருந்துமா என்பதே கேள்வி.

"கடைக்காரருக்குத் தெரியாதா?" என்று கேட்போருக்கும் ஒரு சொல். நல்ல கடைக்காரர்கள் உண்டு. ஆனால் கடையில் உள்ள சரக்கு அவருக்குத் தெரியும். நம் வீட்டுத் திரையும் நம் தேவையும் நமக்குத்தான் தெரியும். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவளை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது. கணிப்பொறிச் சீட்டும் அப்படியே. இதில் ஆணுக்குத் தனி அறிவும் பெண்ணுக்குத் தனி அறிவும் இல்லை. எங்கள் திரையை ஒளிரச் செய்தவர் இதே வகுப்பறையில் படித்த ஒரு பெண்தானே!

தங்கையரே, வாசகசாலைக் கணிப்பொறியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் தாய்ப்பலகையின் முழுப்பெயர், பயாஸ் பதிப்பு, நினைவகத்தின் வகை, இன்னும் காலியாக உள்ள துளைகள் ஆகியவற்றை எழுதி வைத்திருக்கிறோம். நாங்கள் இவ்வாண்டோடு விடைபெறுகிறோம். அடுத்த ஆண்டு நீங்கள் ஏதேனும் வாங்கக் கடைக்குப் போகும்போது, முதலில் அந்தத் தாளைப் படித்துவிட்டுப் போங்கள். அதில் புதிதாக ஏதேனும் மாறினால் எங்கள் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள்.

— மேல்நிலை இரண்டாம் ஆண்டு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்