'நெட்வொர்க் பிஸி'ன்னா உள்ளே என்ன நடக்குது? டெல்டா முறைப் பாசனத்தோடு ஒரு விளக்கம்

அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை வந்தால் அதைத் தாண்டிவிடும். பதிவு செய்யப் போனால், "நெட்வொர்க் பிஸி". தஞ்சை விவசாயிக்கு இது சும்மா டெக்னிக்கல் பிரச்னை இல்லை. பலர் ஒரே நேரத்தில் அனுப்பினால் கேபிளுக்குள் தகவல்கள் மோதிக்கொள்ளுமா?

ஒரு காலத்தில் மோதின

1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் குழு உருவாக்கிய ஈதர்நெட்டில், பல கணினிகளுக்கும் ஒரே கேபிள்தான். விதி சிம்பிள்: லைன் காலியா என்று கேட்டுவிட்டு அனுப்பு.

ஆனால் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் 'காலி' என நினைத்து அனுப்பினால்? சிக்னல்கள் கலந்து கேபிளில் மின்னழுத்தம் உயரும். அதை வைத்தே மோதலைக் கண்டுபிடிப்பார்கள்.

மோதினால் என்ன செய்யும்?

* அனுப்புவதை உடனே நிறுத்தும். எல்லாருக்கும் தெரிய 'ஜாம்' சிக்னல் விடும்.
* குலுக்கல் முறையில் ஒரு நேரம் காத்திருக்கும். இருவரும் ஒரே அளவு காத்திருந்தால் மறுபடியும் மோதல்தானே!
* மோதல் தொடர்ந்தால் காத்திருப்பின் உச்ச வரம்பு ஒரு கட்டம் வரை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். 16 முறையும் தோற்றால் கைவிட்டுவிடும்.

10 எம்பிபிஎஸ் வேகத்தில் காத்திருப்பின் ஒரு அலகு 51.2 மைக்ரோ விநாடி. கண் இமைப்பதை விடப் பல மடங்கு குறைவு.

இப்போது?

இன்று ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஸ்விட்சுக்குத் தனி கேபிள். ஒரே நேரத்தில் தகவல் போகவும் வரவும் முடியும். அதனால் மோதலே இல்லை, வரிசைதான். வரிசை நிரம்பினால் தகவல் கைவிடப்படும்.

பல வீடுகள் பகிரும் ஃபைபர் இணைப்பில், யார் எப்போது அனுப்பலாம் என்பதை இணைப்பகமே முறை வைத்துச் சொல்கிறது. மேட்டூரில் தண்ணீர் குறையும்போது டெல்டா ஆறுகளில் முறை வைத்துத் திறக்கிறார்களே, அதே கணக்கு.

அப்போ கோளாறு எங்கே?

பழைய கருவியில் கேபிளின் ஒரு முனை இருவழியாகவும், மறுமுனை ஒருவழியாகவும் செட் ஆகியிருந்தால் மோதல் இன்றும் வரும். இரண்டையும் 'ஆட்டோ'வில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதுவும் இல்லையென்றால் சிக்கல் இணைப்பின் வேகத்திலோ, சர்வரின் திறனிலோதான். எல்லாரும் ஒரே நாளில் முட்டாமல் நாள் குறித்து டோக்கன் கொடுத்தால் நெரிசல் குறையும். முறைப் பாசனம் பார்த்த டெல்டாவுக்கு இது புதுசா என்ன?