குழந்தையின் கோணல் தையலைப் பிரிக்காதீர்கள்!

ஓட்டப்பிடாரம் கரிசல் பூமி. மழை பெய்தால் மண் காலோடு வரும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். 1872-ம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை பிறந்த ஊர் என்று நாடு அதை அறியும். உழவர்களுக்கோ அது பருத்தி விளையும் மண். இன்று மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் நிறைய இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் ஐப்பசி மழையை நம்பிப் பருத்தி விதைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வெடித்த பஞ்சை வெயிலில் குனிந்து குனிந்து எடுப்பது எவ்வளவு பாடு என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். அந்தப் பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, வீட்டுக்கு வருகிறது. பிறகு என்ன ஆகிறது? கிழிந்த சேலை அடுப்படியில் கரித்துணி ஆகிறது. மிச்சம், தெருவில் கூவி வரும் பாத்திரக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் போகிறது. தையல் கடையில் விழும் வெட்டுத் துணியோ நேரே குப்பைக்கு!

அந்தத் துணியில் ஒரு போர்வை தைக்கலாம். வீட்டில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தைக்கலாம். மெஷின் வேண்டாம். ஊசி, நூல், கத்தரிக்கோல் போதும்.

ஒட்டு என்றால் கேவலமா?

"ஒட்டுத் துணியா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. மழை பொய்த்த வருஷங்களில், பின்னால் ஒட்டுப் போட்ட கால்சட்டையோடு பள்ளிக்கூடம் போனவர்கள் இன்று தாத்தாக்கள். அந்த வெட்கம் லேசில் போகாது. பேரனுக்கும் ஒட்டுத் துணியா என்று அவர்கள் முகம் சுளித்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால், கோவில் தேரைப் பாருங்கள். தேரில் தொம்பைகள் தொங்குகின்றனவே, அவை எப்படிச் செய்தவை? சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளை வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைத்தவைதான்! அதுவும் ஒட்டுத் துணிதான். அதைப் பார்த்து யாராவது ஏழைத் தேர் என்று சொன்னார்களா? கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியார் வாழும் ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்திக் கிழிந்த துணிகளை இணைத்துப் போர்வை தைத்தார்கள். குளிருக்காகத் தைத்த போர்வை! 2006-ம் ஆண்டில் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றில் பத்துப் போர்வைகளின் படத்தைத் தபால்தலையாக வெளியிட்டது.

ஓரத்தை மடிக்க வேண்டாம்!

தேர்த் துணி வேலை கைதேர்ந்தவர்களின் வேலை. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். துணியை வெட்டி, ஓரத்தை மடிக்காமல் அப்படியே வைத்துத் தைப்பது ஒரு முறை. சின்னக் கைக்கு ஏற்றது அதுதான். ஓரத்தை மடித்துத் தைப்பது பெரியவர்களுக்கே பொறுமையைச் சோதிக்கும் காரியம். குழந்தை பத்து நிமிஷத்தில் எழுந்து ஓடிவிடும்.

ஓரம் பிரிந்துவிடாதா? பிரியும். ஆனால் கொஞ்சந்தான். நெய்த துணியில் நெடுக்கே பாவு இழை, குறுக்கே ஊடை இழை. வெட்டின ஓரத்தை ஒட்டிப் போகும் இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். தையல் வரும் இடத்தில் அது நின்றுவிடும். ஆகவே ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். அந்தக் கால் அங்குலம் துவைக்கத் துவைக்கப் பஞ்சு மாதிரிச் சிலிர்த்து நிற்கும். அதுவே ஓர் அழகு. கோணவாட்டில் வெட்டினால் இழை கழல்வது இன்னும் குறையும்.

துணி பருத்தியாகவே இருக்கட்டும். பாலியெஸ்டர் வழுக்கும், இழையும் அதிகம் கழலும். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும். புதுத் துணியாக இருந்தால் முதலில் நனைத்துக் காயப் போட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு சுருங்கிப் போர்வை முழுவதும் கொசகொசவென்று ஆகிவிடும். சாயம் போகும் சிவப்புத் துணியைத் தனியே அலசிப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய வேட்டியில் மூன்று அடி அகலம், நான்கு அடி நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் மேல்துணி. சிலேட்டுச் சாக்குக்கட்டியால் வெட்டுத் துணியில் படம் வரையலாம். மாங்காய், சூரியன், ஆட்டுக்குட்டி, வெடித்த பருத்திக்காய் என்று குழந்தை கேட்பதை வரையலாம். வெட்டிய துண்டை வேட்டியில் வைத்து, நடுவில் மட்டும் ஒரு பொட்டுச் சோற்றுப் பசை தடவினால் நகராது. குண்டூசி குத்தும் பயம் இல்லை. பசை முதல் சலவையில் போய்விடும். பிறகு ஓரத்தைச் சுற்றி நூல் ஓட்ட வேண்டியதுதான்.

எல்லாப் படமும் தைத்து முடிந்த பின்பு, கீழே இரண்டு மடிப்புப் பழஞ்சேலையை விரித்து, மூன்று மடிப்பையும் சேர்த்து நெடுக நூல் ஓட்ட வேண்டும். நான்கு விரல் இடைவெளி போதும். சுற்றிலும் சேலைக் கரையை மடித்து வைத்துத் தைத்துவிட்டால் போர்வை தயார்.

அம்மா அவிழ்க்கக் கூடாது

கெடுதல் வருவது இங்கேதான். குழந்தை கஷ்டப்பட்டு ஒரு பூவைச் சுற்றித் தைத்திருக்கும். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, ஒரு பக்கம் கோணல். அது தூங்கின பிறகு அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு அத்தனையையும் பிரித்து நேராகத் தைத்து வைப்பாள். காலையில் குழந்தை பார்க்கும். ஒன்றும் சொல்லாது. ஆனால் அடுத்த நாள் ஊசியைத் தொடாது.

கோணல் தையலால் போர்வைக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. தையல் ஓரத்தை மிகவும் ஒட்டிப் போயிருந்தால்தான் பிய்ந்து வரும். அப்போதும் பிரிக்க வேண்டியதில்லை. அதற்கு உள்பக்கம் அம்மா இன்னொரு வரிசை ஓட்டட்டும். இரண்டு கையும் போர்வையில் இருந்துவிட்டுப் போகட்டுமே! விருந்தாளி வந்தால், "எம்மா, இது நான் தச்ச பூன்னு அத்தைகிட்டச் சொல்லு!" என்று குழந்தை இழுத்துக்கொண்டு வந்து காட்டும். நேரான தையலுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்குமா?

ஐந்து வயதுக் குழந்தைக்கு ஊசி வேண்டாம். நிறம் பொறுக்குவதும், எந்தப் படம் எந்த இடம் என்று சொல்வதும் அதன் வேலை. கத்தரிக்கோல் பெரியவர் கையில் இருக்கட்டும். அரை மணி நேரம் ஆனதும் விளையாட விட்டுவிட வேண்டும்.

கணக்குப் பார்க்காத வேலை

இந்த அரை மணிக் கணக்கைக் கோவில்பட்டிப் பக்கத்தில் சொல்லும்போது ஒரு பழைய கணக்கும் நினைவுக்கு வருகிறது. அது தீப்பெட்டித் தொழில் நடக்கும் வட்டாரம். ஒரு காலத்தில் அங்கே சின்னக் குழந்தைகள் கட்டையில் தீக்குச்சி அடுக்கினார்கள். பெட்டி ஒட்டினார்கள். எத்தனை கட்டை, எத்தனை பெட்டி என்று எண்ணிக் கூலி. பள்ளிக்கூடம் போகும் வயதில் விரல்கள் அந்தக் கணக்கில் ஓடின.

1986-ம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016-ல் செய்த திருத்தம் எல்லாத் தொழிலிலும் அந்தத் தடையைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு சந்து விட்டுவைத்தது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வீட்டுத் தொழிலில் குழந்தை உதவலாம்!

அந்தச் சந்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். போர்வை நன்றாக வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று கேட்பார். பணமும் கொடுப்பார். அம்மா தைத்து விற்கட்டும். தாராளமாக விற்கட்டும்! ஆனால் அதில் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது. "சனிக்கிழமைக்குள்ளே ரெண்டு பூ முடிச்சாகணும்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தப் பூ தீப்பெட்டிக் கட்டையாகிவிடும். குழந்தை தைத்த போர்வை வீட்டுக்குத்தான். அது போர்த்திக்கொண்டு தூங்குவதற்குத்தான்.

இன்னொன்று. இது பெண்பிள்ளை வேலை என்று பையனைப் பந்து விளையாட அனுப்பிவிடுகிறார்கள். கடைத்தெருவில் தையல் மெஷின் மிதிக்கிறவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். பையனையும் கூப்பிட்டு ஊசியில் நூல் கோக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு அது கண்ணுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.