கல்விச் சாளரம்: படிகளை எண்ணிவிட்டு ஏறுவோம்



கலிபோர்னியாவில் இருக்கும் என் பெறாமகள் 2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஓர் இரவு தொலைபேசியில் அழுதாள். "பெரியம்மா, ஒரு வருசத்தை வீணாக்கிப் போட்டன். அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். அவளின் தாய், என் தங்கை, முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்து அவளைப் படிப்பிக்கிறாள். இதை எழுதட்டுமா என்று பிள்ளையிடமே கேட்டேன். "எழுதுங்கோ, வேற பிள்ளையள் இந்தப் பிழையை விடாமல் இருக்கட்டும்" என்றாள்.

அவள் படிக்க விரும்பியது கட்டடப் பொறியியல். 2011இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது அவளுக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் கூரை இல்லை, இரண்டு சுவர்கள் மட்டும் நின்றன. "ஏன் இது மட்டும் விழேல்லை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவில் நேரடியாகப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லப் பெருந்தொகை வேண்டும். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. முதலாவது அரச சமுதாயக் கல்லூரி 1901இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் தொடங்கியது. முதல் இரண்டு வருடப் பாடங்களை இங்கே படித்துவிட்டு, மூன்றாம் வருடத்திற்குப் பல்கலைக்கழகத்திற்கு மாறலாம். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு ஓர் அலகுக்கு 46 டொலர் கட்டணம். மாறுவதற்குப் பொதுவாக 60 அலகுகள் வேண்டும். அதாவது 2,760 டொலர். புத்தகச் செலவும் வீட்டுச் செலவும் வேறு. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் இதைவிடப் பலமடங்கு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

பிள்ளை விட்ட பிழை என்ன? கட்டடக்கலையும் கட்டடப் பொறியியலும் ஒன்றென்று நினைத்துவிட்டாள். கட்டடக்கலைஞர் கட்டடத்தின் அமைப்பையும் அழகையும் தீர்மானிக்கிறார். கட்டடப் பொறியியலாளர் அது விழாமல் நிற்பதற்கும், காற்று, வெளிச்சம், மின்சாரம், தண்ணீர் ஒழுங்காகச் செல்வதற்கும் கணக்குப் போடுகிறார். முதல் வருடம் முழுவதும் அவள் வரைதல் வகுப்புகளையும் பொதுப் பாடங்களையும் எடுத்தாள். இடம்பெயர்ந்து மூன்று பாடசாலைகளில் படித்தவள். கணிதம் என்றால் பயம். "பிறகு எடுப்பம்" என்று தள்ளிவைத்தாள்.

ஆனால் கணிதம் தள்ளிவைக்கக்கூடிய பாடம் அல்ல. நுண்கணிதம் மூன்று பகுதிகள், அதன்பின் வகையீட்டுச் சமன்பாடுகள். தவணைக்கு ஒன்றாக நான்கு தவணை, அதாவது இரண்டு வருடம் முழுதாகப் போய்விடும். நுண்கணிதத்தின் முதற்பகுதி தெரியாமல் பொறியியலுக்குரிய பௌதிகவியல் எடுக்க முடியாது. பௌதிகவியலில் பொறிமுறை படிக்காமல் நிலையியல் எடுக்க முடியாது. முதல் தவணையில் கணிதம் தொடங்காவிட்டால் இரண்டு வருடத்தில் முடியாது என்பது இதனால்தான்.

அன்றிரவு அவளுக்கு நான் சொன்னது ஒன்றே: "முதலில் அம்மாவிடம் உண்மையைச் சொல்லு. பிறகு ஒரு தாளை எடு." கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி எழுதச் சொன்னேன். எந்தப் பாடத்திற்கு முன் எது வேண்டும், எந்தத் தவணையில் எது என்று எழுதி, அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். தங்கை கோபிக்கவில்லை. "எனக்கும் வாசிச்சுக் காட்டு" என்று மட்டும் கேட்டாளாம்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம். அவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

எந்தப் பல்கலைக்கழகத்திற்கு மாறப்போகிறாய்? பெயர் ஒன்றாக இருந்தாலும் படிப்பு ஒன்றல்ல. சான் லூயிஸ் ஒபிஸ்போவிலுள்ள கலிபோர்னியா பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் இது நான்கு வருடம். பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம்.

அந்தக் கற்கைநெறிக்கு ஏபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் உண்டா? பின்னர் பொறியியலாளராக உரிமம் பெறும்போது இது கைகொடுக்கும்.

உன் கல்லூரிப் பாடங்களை அவர்கள் ஏற்பார்களா? கலிபோர்னியாவில் அசிஸ்ட் என்ற இணையத்தளத்தில் பாடத்திற்குப் பாடம் பார்க்கலாம். ஆலோசகர் சொன்னால் எழுத்தில் வாங்கவேண்டும். பாடத்திட்டத் தாள்களை எறியக் கூடாது.

விண்ணப்பம் எப்போது? அடுத்த வருடப் புரட்டாதியில் சேர்வதற்கு முந்திய வருட ஒக்டோபரிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு படிவழி உண்டு. தொழிற்கல்வியில் என்.வி.கியூ. 5, 6 ஆம் மட்டங்களை முடித்தவர்கள் இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அங்கும் எந்தச் சான்றிதழ் எந்தப் பட்டத்திற்கு வழிவிடும் என்று முதலிலேயே கேட்டறிவது நல்லது.

இரண்டு வருடத்தில் முடியவேண்டியது என் பெறாமகளுக்கு மூன்று வருடம் எடுத்தது. 2025இல் அவளுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொன்ன அன்று, "பெரியம்மா, அந்தச் சுவர் ஏன் விழேல்லை எண்டு இனித்தான் படிக்கப்போறன்" என்றாள்.

பிந்தியதற்காக எந்தப் பிள்ளையையும் ஏசாதீர்கள். ஒரு தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.