படம் பிடித்தலும் பார்வையும்

கைப்பேசியில் படம் பிடியாத மாணாக்கரைக் காண்டல் இக்காலத்து அரிது. அங்ஙனமிருக்க, புகைப்படக் கலையைக் கல்லூரியிற் கற்பிக்க வேண்டுவதென்னை என வினவுவாரும் உளர். எழுதுகோல் எல்லாரிடமும் உண்டாதலின் இலக்கணங் கற்பித்தல் வேண்டா என்பது எத்துணைப் பொருத்தமோ, அத்துணைப் பொருத்தமே இவ்வினாவும்.

இக்கல்வி நம் நகருக்குப் புதியதன்று. மருத்துவர் அலெக்சாந்தர் ஹண்டர் 1850-ஆம் ஆண்டிற் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில், சில ஆண்டுகளுள்ளேயே புகைப்படப் பயிற்சியும் இடம்பெற்றது. அங்குப் பயின்ற ஐயாசாமி என்பார், அரசாங்கப் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் ட்ரைப் துரைக்கு உதவியாளரானார். ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இற் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒருங்கே ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவரே வேறு சில படங்களில், வெறுமையாய்த் தோன்றிய வானத்தில் மேகங்களைத் தூரிகையால் தீட்டியுஞ் சேர்த்தார்.

ஆகவே ஒட்டுதலும் மாற்றுதலும் கணினி ஈன்ற வித்தைகளல்ல. ஆயினும் அவ்விரண்டும் ஒரு தன்மையனவல்ல என்பதை மாணாக்கர் உணர்தல் வேண்டும். முன்னது உள்ளதை முழுதுங் காட்டுவது. பின்னது இல்லாததை அழகு கருதிச் சேர்ப்பது. இரண்டுங் கலைக்கு ஏற்புடையனவே. ஆனால் சேர்த்ததைக் கண்டதெனச் சொல்லுங்கால் கலை பொய்யாகிவிடுகின்றது. செயற்கை நுண்ணறிவு நொடிப்பொழுதில் நிகழாததையும் நிகழ்ந்ததுபோற் காட்டும் இந்நாளில், இவ்வேறுபாட்டைக் கற்பியாத கல்வி குறையுடைத்தே.

எனவே நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு மாணாக்கரும் நம் கல்லூரிக்கு அணித்தாகிய இரும்புலியூரில் ஓரிடத்தைத் தெரிந்துகொள்க. அஃது ஏரிக்கரையாகலாம், புறவழிச்சாலை பெருஞ்சாலையோடு கூடும் இடமாகலாம். ஒரு திங்கள் அளவும் காலை, நண்பகல், மாலை எனப் பல பொழுதிலும் அங்குச் சென்று நோக்குக. எடுத்தவற்றுள் 12 படங்களையே தெரிந்து, கணினியில் இணைத்தோ தீட்டியோ ஓவியமாக்குக. ஒவ்வொன்றின் கீழும், எதிரே இருந்தது யாது, தாம் சேர்த்தது யாது, நீக்கியது யாது என எழுதுக. கைப்பேசி இல்லாதார் நண்பரோடு பகிர்ந்துகொள்ளலாம். விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை.

இவ்விதி கற்பனைக்குத் தளையாகாதோ எனின், ஆகாது. யாப்பு இருந்தமையாற் புலவர் பாடாதொழிந்தாரல்லர். மாற்றியதை ஒளியாது சொல்லும் உரிமை கிடைத்தபின், அச்சமின்றி எத்துணையும் மாற்றலாமன்றோ?

1937-இல் நம் கல்லூரி தாம்பரம் வந்த நாள்தொட்டு இச்சூழல் பெரிதும் மாறிவிட்டது; இன்னும் மாறுகின்றது. இன்று எடுக்கும் படங்களே நாளை வருவோர்க்குச் சான்றாகும். பழைய மாணவர் தம் பெட்டிகளில் வைத்திருக்கும் முற்காலப் படங்களை உதவுவாராயின், இருகாலத்தையும் ஒருங்கே வைத்து மாணாக்கர் ஒப்பு நோக்குவர். ஆசிரியர் இதனை வரும் ஆண்டிலேயே தொடங்குவாராக.