விற்றவரே திரும்ப அழைக்க வேண்டும்



போன மாதம் எங்கள் சரக்கு வேனை ஆயில் மாற்ற மங்கலம்பேட்டைப் பட்டறையில் விட்டிருந்தேன். மெக்கானிக் தம்பி ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த வருஷத்து வண்டிக்கு பிரேக் பைப்ல கோளாறுன்னு கம்பெனி ரீகால் போட்டிருக்கே, மாத்திட்டீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. பெயர்கூட மாற்றவில்லை. கம்பெனிக் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த வண்டியில்தான் இரண்டு வருடமாக அரிசி மூட்டை ஏற்றி, பக்கத்தில் பேத்தியை உட்காரவைத்து, சிதம்பரம் வரை போய் வந்தேன்.

சர்வீஸ் சென்டரில் முதலில், "வாரண்டி முடிஞ்சுபோச்சு, காசு கட்டணும்" என்றார்கள். சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லி விடாமல் நின்றேன். பட்டியலில் வண்டி இருந்தது. அரை நாளில் மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை.

ரீகால் என்றால் தயாரிப்பில் நேர்ந்த குறையை, தயாரித்தவரே வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது. வாரண்டி வேறு, இது வேறு. 2021 மே மாதம் நம் தமிழ்நாட்டு ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. குறையை ஒப்புக்கொள்வதில் கேவலம் இல்லை. மறைப்பதுதான் உயிரை வாங்கும்.

ஜப்பானின் தகாட்டா நிறுவனத்து ஏர்பேக் கதை அதைத்தான் சொல்கிறது. ஏர்பேக்கை ஊத வைக்க அவர்கள் போட்டது அம்மோனியம் நைட்ரேட். உரமாகவும் வெடிமருந்தாகவும் நாம் அறிந்த அதே சரக்கு. வெக்கையிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் இருந்தால் அது கெட்டு, மோதலின்போது உலோகக் கூட்டையே உடைத்துத் தெறிக்கும். உலகெங்கும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா 2018 ஜனவரியில் 22,834 கார்களை இதற்காகத் திரும்ப அழைத்தது. கடலூர் போன்ற கரையோரத்தில் பழைய கார் ஓட்டுபவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது இது.

2012 முதல் இங்கே ரீகால் கம்பெனிகளின் விருப்பமாக மட்டுமே இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது அரசே உத்தரவிடலாம். உத்தரவிட்டால் கம்பெனி விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது பழுது நீக்க வேண்டும். 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால் சட்டம் கடிதத்தை நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவராது. பழைய வண்டி வாங்கினால் 30 நாளுக்குள் பெயர் மாற்றுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

இன்னொன்றையும் நாம் கேட்க வேண்டும். வண்டிக்குச் சேசிஸ் நம்பர் இருப்பதால் தேடிப்பிடித்து அழைக்கிறார்கள். பூச்சிக்கொல்லிக்கு இப்படி யார் அழைத்தார்கள்? காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானை வருடக்கணக்கில் வானிலிருந்து தெளித்தார்கள். உச்ச நீதிமன்றத் தடை 2011 மே மாதம்தான் வந்தது. நம் பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமும் முந்திரிக்காடுதான். மண்ணுக்குள்ளும் பிள்ளைகளின் உடம்புக்குள்ளும் போனதை எந்தப் பட்டறையில் கழற்றி மாற்றுவது?

நான்கு சக்கரத்துக்கு உள்ள பொறுப்பு விதைக்கும் மருந்துக்கும் வேண்டும். குறை தெரிந்ததும், வாங்கிய ஒவ்வொரு உழவரையும் விற்றவரே தேடிவந்து சொல்ல வேண்டும், ஆன நட்டத்தைக் கொடுக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதுவோம். அதற்கு முன், இன்று சாயங்காலமே உங்கள் ஆர்.சி.யை எடுத்து அந்த நம்பரைப் பாருங்கள்.